மூடிக் கிடக்கும் தியேட்டர் மனையைப் பூங்கா என்று மாஸ்டர் பிளானில் மாற்ற முடியுமா?

மேற்குவாசல்:
சென்னையின் மேற்குப் பக்கம் எங்கள் ஏரியா, பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டர், பின்னால் ஒரு குடோன், முன்னால் வண்டி நிறுத்தும் இடம், எல்லாம் சேர்ந்து மூன்று ஏக்கர். தனியார் நிலம், மாஸ்டர் பிளானில் வணிகப் பகுதி. உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, காம்பவுண்ட் இடிந்த இடம் வழியாகப் பையன்கள் போய் அதன் அடியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எங்கள் வார்டில் பூங்கா என்ற பெயரில் இருப்பது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரண்டு பெஞ்சும் ஒரு உடைந்த சறுக்குமரமும்தான்.

போன மாதம் அந்த மனையை அளக்க ஆள் வந்தார்கள். அடுக்குமாடி வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு. மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிக்கொண்டிருக்கிறதே, அதில் இந்த இடத்தை வணிகத்திலிருந்து 'திறந்தவெளி, பொழுதுபோக்கு' என்று மாற்றச் சொல்லி நலச்சங்கம் சார்பில் மனு போடலாம் என்று இருக்கிறோம். கையெழுத்து 340 வாங்கியாச்சு. தனியார் நிலத்தை இப்படிப் பச்சை ஆக்க முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

சைக்கிள்காரன்:
ஏன் முடியாது? வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடம்தானே இன்றைக்குச் செம்மொழிப் பூங்கா. 2008-ல் ஓட்டலை மூடினார்கள், 2010 நவம்பரில் பூங்கா திறந்துவிட்டார்கள், சுமார் 20 ஏக்கர். காரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டவர்கள் இன்னமும் புலம்புகிறார்கள் என்பது வேறு விஷயம். 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குப் பூட்டு போட்டார்கள், 160 ஏக்கர், அதிலும் பசுமைப் பூங்கா என்றுதான் அறிவிப்பு. அரசு நினைத்தால் நடக்கும், நீங்கள் கையெழுத்தை ஆயிரம் ஆக்குங்கள்.

பழையபேட்டை:
சைக்கிள்காரன் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டுமே அரசு தன்னுடையது என்று சொல்லி எடுத்த நிலம். டிரைவ்-இன் இருந்தது குத்தகை இடத்தில். ரேஸ் கோர்ஸும் குத்தகைதான், 1945-லிருந்து 99 வருடத்துக்கு, வருட வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். நான் பல்லாவரத்தில் ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கொடுத்த மாத வாடகை அதைவிட அதிகம். வாடகைப் பாக்கி என்று 730 கோடி கேட்டு, குத்தகையை ரத்து செய்து எடுத்தார்கள். அதற்கே கோர்ட்டு, அப்பீல் என்று இழுபறி. இவர் கேட்பது பட்டா நிலம். குடியிருப்பவனைக் காலி செய்வது வேறு, வீட்டுக்காரனையே காலி செய்வது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நிலம் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் போயிருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் டிரெவெல்யன் கவர்னராக இருந்தபோது போட்ட பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். மூர் மார்க்கெட், விக்டோரியா ஹால், ரிப்பன் கட்டடம், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்து உட்கார்ந்து, இப்போது மை லேடி தோட்டம் என்று ஒரு ஓரம் மிச்சம். பனகல் பார்க் தப்பித்தது என்றால் தி.நகரைப் பிளான் போடும்போதே, நிலம் மலிவாக இருந்த 1920-களில், நடுவில் இடம் விட்டுவிட்டார்கள்.

கறுப்புக்கோட்டு:
மேற்குவாசல் சார், சட்டப்படி முடியும். சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாட்டை மாற்றுவது தினமும் நடக்கிற வேலை, நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் 32-ஆவது பிரிவு 4-ஆவது உட்பிரிவு. ஆனால் நடைமுறையில் அது உரிமையாளர் தன் நிலத்துக்குத் தானே கேட்டு வாங்கும் மாற்றம்; விவசாயத்திலிருந்து குடியிருப்பு, தொழிற்சாலையிலிருந்து வணிகம், இப்படி. ஊரார் கேட்டு ஒருவர் மனையை மட்டும் பொறுக்கியெடுத்துப் பச்சை அடிப்பது நான் பார்த்ததில்லை.

சரி, அடித்துவிட்டார்கள் என்றே வையுங்கள். அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு. பிளானில் ஒரு நிலத்தைப் பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கி அரசிதழில் வெளியிட்ட நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வர வேண்டும், அல்லது பேசி விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவை வைத்து ஒதுக்கீட்டை உடைத்த வழக்குகள் ஏராளம். உரிமையாளர் ஒன்றும் செய்ய வேண்டாம், காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒதுக்கீடு வேண்டாம், பயன்பாட்டு வகையை மட்டும் மாற்றுகிறோம் என்று சாமர்த்தியமாகச் செய்தாலும், சட்டத்தின் வழியில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 300-ஏ இருக்கிறது, வழக்கில் வருவது ஒரே கேள்விதான்: காசு எங்கே? அப்புறம் வகை மாறியதாலேயே பொதுமக்கள் உள்ளே போக முடியாது. பச்சை நிறத்தில் இருக்கும் தனியார் நிலமும் தனியார் நிலம்தான், அவர் கேட்டைப் பூட்டலாம்.

கோவை_ரிசர்வ்சைட்:
ஏனுங்க, இந்த இழையில் எல்லோரும் பூங்கா வேணுங்கிற பக்கம் நின்று பேசுகிறீர்கள், நான் அந்தப் பக்கத்து ஆளுங்க. அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1987-ல் வாங்கிய 12 சென்ட். தங்கச்சி கல்யாணத்துக்கு விற்கலாம் என்று போனபோதுதான் தெரிந்தது, விரிவான வளர்ச்சித் திட்டத்தில் எங்கள் மனை, பக்கத்து இரண்டு மனை, எல்லாம் பூங்கா. யாரும் ஒரு கடிதாசிகூடப் போடவில்லை. வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடையாது, பேங்க் லோன் கிடையாது, வாங்க வருகிறவன் பாதி விலை கேட்கிறான். நஷ்டஈடு கொடுங்கள் என்று போனால் நிதி ஒதுக்கவில்லை என்பார்கள், அப்படியென்றால் விட்டுவிடுங்கள் என்றால் மேலே எழுதிப் போட்டிருக்கிறோம் என்பார்கள். அந்த அலுவலகத்தின் மாடிப்படிக்கு எத்தனை படி என்று அப்பாவுக்குத் தெரியும், 26.

வக்கீல் சார் சொன்ன அதே 38-ஐ வைத்துத்தான் கடைசியில் வெளியே வந்தோம். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பூங்காவும் வரவில்லைங்க, அந்தப் பக்கத்துக் குழந்தைகள் இன்னமும் ரோட்டில்தான் விளையாடுகிறார்கள். பச்சை பெயின்ட் அடிக்க ஒரு பைசா ஆகாது, அதனால்தான் இவ்வளவு சுலபமாக அடிக்கிறார்கள்.

மேற்குவாசல்:
கோவை சார், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 12 சென்ட் வைத்திருக்கும் குடும்பமும் மூன்று ஏக்கரைப் பதினோரு வருடம் பாம்பு அடைய விட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் கம்பெனியும் ஒன்றா? அந்த விலை ஏறியதில் மெட்ரோ வந்ததற்கும் நாங்கள் குடிவந்ததற்கும் பங்கு இல்லையா? கொசுக்கடி எங்களுக்கு, லாபம் அவருக்கு.

கோவை_ரிசர்வ்சைட்:
ஒன்று இல்லைதானுங்க. ஆனால் சட்டத்தில் சென்ட் கணக்குப் பார்த்து இரண்டு விதமாக எழுதவில்லையே. உங்களுக்காகத் திறக்கிற கதவு எங்களையும் இடிக்கும்.

ப்ரூக்ளின்வாசி:
நான் நியூயார்க்கில் கிரீன்பாயின்ட் பக்கம் ஆறு வருடம் குடியிருந்தவன், அங்கே இதே கதை நடந்தது, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

2005-ல் அந்த ஆற்றங்கரை முழுக்கக் குடோனும் பழைய ஆலையுமாக இருந்ததை நகராட்சி குடியிருப்புப் பகுதியாக மாற்றியது. நாற்பது மாடிக் கோபுரங்கள் வரும், பதிலுக்கு உங்களுக்கு 28 ஏக்கரில் புஷ்விக் இன்லெட் பார்க் என்று வாக்குறுதி. வரைபடத்தில் பூங்கா என்று போட்டும்விட்டார்கள். நிலம் எண்ணெய்க் கிடங்குக்காரர், குடோன்காரர் என்று தனியார் கையில். எல்லாவற்றையும் அன்றைக்கே வாங்காமல் துண்டு துண்டாக வாங்கலாம் என்று விட்டார்கள். இங்கேதான் கோட்டை விட்டது. பக்கத்து நிலத்தில் கோபுரம் கட்டலாம் என்று இவர்களே அனுமதி கொடுத்ததால், பூங்காவுக்கு வாங்க வேண்டிய நிலத்தின் விலையும் சேர்ந்து ஏறிவிட்டது.

11 ஏக்கர் காகிதக் கிடங்கு ஒன்று மட்டும் கடைசி வரை நின்றது. 2015 ஜனவரி கடைசியில், நல்ல பனி, அது தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு, கோர்ட் பேப்பர் எல்லாம் பாதி கருகிப் பறந்து வந்து தெருவில் விழுந்தது. இடம் காலியாகிவிட்டது, இனிமேல் அடுக்குமாடிதான் என்று ஊர் பயந்து போய்ப் போராட்டத்தை முடுக்கியது. 2016-ல் நகராட்சி 16 கோடி டாலர் கொடுத்து அந்த ஒரு துண்டை வாங்கச் சம்மதித்தது. வாக்குறுதி கொடுத்துப் பதினோரு வருடம், உங்கள் தியேட்டர் மூடிய அதே கணக்கு.

அங்கே மக்கள் பச்சை பெயின்ட் கேட்கவில்லை, அது ஏற்கெனவே இருந்தது. செக்கை எழுது என்றுதான் பதினோரு வருடமும் கேட்டார்கள்.

மாட்டுங்கா65:
மும்பைக்காரன் வந்திருக்கிறேன். செக் எழுதாமலே பூங்கா எடுக்க ஒரு வழி எங்கள் ஊரில் போட்டார்கள், கேளுங்கள். கிரண்காவ் என்ற ஆலைப் பகுதியில் 58 பஞ்சாலை, சுமார் 600 ஏக்கர், 1982 ஸ்டிரைக்குக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. 1991 கட்டட விதிகளில் 58-ஆவது விதி (ஆலைக்கும் விதிக்கும் ஒரே எண், தற்செயல்): ஆலை முதலாளி நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமா, மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கு மாநகராட்சியிடம், ஒரு பங்கு மலிவு வீட்டுக்கு, மீதி ஒரு பங்கு உனக்கு. நஷ்டஈடு பணமாகக் கிடையாது, நிலத்தை மாற்றிக் கட்டும் உரிமைதான் நஷ்டஈடு. கணக்குப்படி 200 ஏக்கர் பூங்கா வந்திருக்க வேண்டும்.

முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா, விண்ணப்பமே போடவில்லை. பத்து வருடம் பொறுமையாக இருந்தார்கள். 2001-ல் விதியைத் திருத்தினார்கள்: பங்கு பிரிப்பது மொத்த நிலத்தில் இல்லை, கட்டடம் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும். ஆலை என்றால் நிலம் முழுக்க ஷெட்டுதானே, வெறுமை எங்கே? மூன்றில் ஒரு பங்கு ஒன்றுமில்லாமல் போச்சு. 2005-ல் உயர் நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் நின்றது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் திருத்தம் சரி என்றுவிட்டது. இன்றைக்கு லோயர் பரேலில் போய் நின்று பாருங்கள், மால், ஆபீஸ், கண்ணாடி. என் மாமனார் நூல் சுற்றிய இடத்தில் ஒரு காபி 400 ரூபாய்.

அதனால் உங்கள் மனுவில் 'மூன்று ஏக்கர்' என்று எழுதாதீர்கள். சர்வே எண் போட்டு, கட்டடம் இருக்கும் நிலமும் சேர்த்து என்று எழுதுங்கள்.

மழைக்காகிதம்:
பணமே இல்லாமல் செய்ய டி.டி.ஆர் இருக்கிறதே. இந்த நிலத்தில் கட்டும் உரிமையைச் சான்றிதழாகக் கொடுத்து, வேறு இடத்தில் கூடுதல் மாடி கட்டிக்கொள் அல்லது விற்றுக்கொள் என்று சொல்லலாம். தமிழ்நாட்டு விதிகளிலும் இருக்கிறது. ஏன் யாரும் பேசவில்லை?

ப்ரூக்ளின்வாசி:
பேசலாம், ஆனால் உரிமையாளர் சம்மதித்து வாங்கிக்கொண்டால்தான் அது. நியூயார்க்கிலேயே 1972-ல் மன்ஹாட்டனில் டியூடர் சிட்டி என்ற குடியிருப்பில் இருந்த இரண்டு தனியார் தோட்டங்களைப் பொதுப் பூங்கா என்று வகை மாற்றினார்கள், நிலத்துக்குப் பணம் கிடையாது, பதிலுக்கு நகரின் வேறு பகுதியில் கட்டும் உரிமை. 1976-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த அப்பீல் கோர்ட்டு அடித்துத் தூக்கிவிட்டது: எங்கே கட்டப் போகிறாய் என்று தெரியாத உரிமை அந்தரத்தில் தொங்குகிறது, அதற்கு என்ன விலை போடுவது என்று. சட்டம் வேறு, ஊர் வேறு, ஆனால் உங்கள் தியேட்டர்காரரின் வக்கீல் கேட்கப் போவதும் அதைத்தான்.

சைக்கிள்காரன்:
சரி, எல்லோரும் காசு காசு என்பதால் காசையே போட்டுப் பார்த்தேன். மூன்று ஏக்கர் 1,30,680 சதுர அடி. அந்தப் பக்கம் சதுர அடி 8,000 என்று வையுங்கள் (புரோக்கர் அதிகம் சொல்வார், வழிகாட்டி மதிப்பு குறைவாக இருக்கும்). 104 கோடி சொச்சம். 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி நகரத்தில் சந்தை விலைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை, ஆக 209 கோடி. கட்டடம், மரம், வட்டி தனி. செம்மொழிப் பூங்காவை மொத்தமாக 8 கோடியில் முடித்தார்கள், ஏனென்றால் நிலத்துக்குக் காசு கொடுக்கவில்லை. முதல் பதிவில் நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

கறுப்புக்கோட்டு:
இந்தக் கணக்கைத்தான் எதிர்பார்த்தேன். 209 கோடி ஒரு வார்டு பூங்காவுக்கு எந்தக் கமிஷனரும் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதைப் பார்ப்போம்.

ஓ.எஸ்.ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்காக உள்ளாட்சிக்கு இலவசமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிட்டுப் போகலாம். உங்கள் மனை 12,140 சதுர மீட்டர் வரும். அதில் 10 சதவீதம் ஏறக்குறைய 30 சென்ட், ஐந்தரைக் கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று ஏக்கர் இல்லை, ஆனால் உங்கள் தண்ணீர்த் தொட்டிப் பூங்காவைவிடப் பெரிசு.

கவனிக்க வேண்டியது: மனையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் 10,000-க்குக் கீழே என்று காட்டப் பார்ப்பார்கள். மொத்த மனையையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்று இப்போதே சி.எம்.டி.ஏ-வுக்கும் மாநகராட்சிக்கும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 340 கையெழுத்தை இதற்குப் பயன்படுத்துங்கள்.

ஏழாவதுமாடி:
சார் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது அப்படி 10 சதவீதம் கொடுத்த பெரிய குடியிருப்பில். தானப் பத்திரம் போட்டாச்சு, காகிதத்தில் அது மாநகராட்சிப் பூங்கா. ஆனால் இடம் இருப்பது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், போகிற வழி எங்கள் கேட் வழியாக. வெளியிலிருந்து யார் வருவார்கள்? செக்யூரிட்டி கேட்கும் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். விற்கும்போது எங்களிடம் அதை 'பிரைவேட் கார்டன்' என்றே சொல்லி விற்றார்கள், நானும் ஐந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட எங்கே கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ரோட்டைப் பார்த்த முகப்பு, தனி கேட். பிளான் பாஸ் ஆகும் முன்னால் கேட்டால்தான் உண்டு.

மேற்குவாசல்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூன்று ஏக்கர் கேட்டு வந்தவன் 30 சென்டுக்கு நிற்கிறேன் என்று சங்கத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து போய்விட்டார். முழுதும் பூங்கா என்று கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்பது அவர் கட்சி. கோவை சார் கதையைச் சொன்னேன், பதில் பேசவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை.

ஒரு விஷயம் கிடைத்தது. நகர நில அளவைப் பதிவேடு எடுத்துப் பார்த்தோம். குடோனுக்குப் பின்னால் 14 சென்ட் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறது. காம்பவுண்ட் அதையும் சேர்த்து வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

பழையபேட்டை:
அட! இதை முதலிலேயே எடுத்திருக்கலாமே. பட்டா நிலத்துக்கு 209 கோடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், உள்ளேயே அரசு நிலம் உட்கார்ந்திருக்கிறது.

கறுப்புக்கோட்டு:
ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். நீர்வழிப் புறம்போக்கில் எந்தக் கட்டடமும் கூடாது, பூங்காவுக்கு என்று சொல்லி மூடவும் கூடாது. ஆனால் மீட்டுத் தூர்வாரி, கரையில் மரம் வைத்துத் திறந்தவெளியாக வைக்கலாம். ஆக்கிரமிப்பு மனுவைத் தாசில்தாருக்குத் தனியாகப் போடுங்கள், ஓ.எஸ்.ஆர் மனுவோடு கலக்காதீர்கள். ஓ.எஸ்.ஆர் நிலத்தை அந்த வாய்க்கால் ஓரமாகக் கேட்டால் 30-ம் 14-ம் சேர்ந்து 44 சென்ட் ஒரே துண்டாக வரும்.

ஏழாவதுமாடி:
ஆனால் வாய்க்கால் குடோனுக்குப் பின்னால் என்றீர்களே. அப்படியென்றால் ரோட்டு முகப்பு போய்விடும், மறுபடியும் ஜெனரேட்டர் அறைக் கதைதான். பின்பக்கம் தெரு ஏதாவது உண்டா?

மேற்குவாசல்:
உண்டு மேடம். பத்தடிச் சந்து, வண்டி போகாது, ஆள் போகலாம். பையன்கள் அந்த வழியாகத்தான் ஏறிக் குதிக்கிறார்கள்.

கோவை_ரிசர்வ்சைட்:
அந்தத் தூங்குமூஞ்சி மரம் எந்தப் பக்கமுங்க?

மேற்குவாசல்:
நடுவில். டேப் வைத்து அளந்து பார்த்தோம், வாய்க்காலிலிருந்து அறுபது அடி தள்ளி.